புழுவின் பல்வரிசை

பேராசிரியர் சகாயமேரியிடம் நீர்ப்பூச்சி படிக்க வருகிறவர்களுக்கு எடுத்தவுடன் மைக்ரோஸ்கோப் கிடைக்காது. ஒரு தட்டில் ஊறவைத்த கசகசாவும் ஒரு ஊசியும் கிடைக்கும். விதை நசுங்காமல் அதைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ள வேண்டும். நசுங்கினால் திரும்ப முதலிலிருந்து.

"எதுக்கு மேடம் இது?" என்று கேட்டவர்கள் உண்டு.

"பாயசத்துக்கு" என்பார் சகாயமேரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

லோகேஸ்வரி கேட்கவில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஏன் என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்கிற பயம், முதுகலைக்கு வந்த பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. கசகசாவைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அந்த லோகேஸ்வரிதான் ஒரு மத்தியானம் ஆய்வகத்தின் கதவு சுவரில் மோதும்படி தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?"

சகாயமேரி அப்போதுதான் வந்து கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே கூட்டத்துக்குப் போய், ஒரே பஸ்ஸில் திரும்பியிருந்தார்கள். வழி நெடுக அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இடையில் ஒரு கொய்யாப்பழம் வாங்கி, பாதியை இவளிடம் நீட்டினார். அந்தக் கொய்யாப்பழம்தான் லோகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

கூட்டத்தில் நடந்தது இது.

லோகேஸ்வரியின் ஊர் ஒரு ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ஊர்ச் சாக்கடை ஓர் ஓடையாக ஏரியில் விழுகிறது. ஏரிக்கு வடக்கே ஒரு தோல் கம்பெனி. அதன் கழிவு ஒரு வாய்க்காலாக அதே ஏரியில் விழுகிறது. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கத் தொடங்கியபோது ஊர் கம்பெனியைக் கைகாட்டியது, கம்பெனி ஊரைக் கைகாட்டியது. தாலுகா அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள்.

லோகேஸ்வரியின் அம்மா பச்சையம்மாள் அந்த ஏரி மீனை விற்றுத்தான் மகளைப் படிக்கவைத்தாள். கூட்டத்துக்காகப் பெட்டியிலிருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, எழுந்து நின்று பேசினாள்.

"எங்க சட்டில வேவுற மீனு சார் அது. நாங்களே துன்ற மீனு. அத நாங்களே கெடுப்பமா?"

கம்பெனிக்காக வந்திருந்த ஆலோசகர் தனஞ்செயன் பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். கலங்கிய தண்ணீருக்குள் சிவப்பு நூல் துண்டுகள் போலப் புழுக்கள் நெளிந்தன.

"கடிக்காத ஒரு கொசு இருக்கு சார், அதோட புழு. பாருங்க, ரத்தச் சிவப்பு. காத்தே இல்லாத சாக்கடைச் சேத்துல பொழைக்கிறதுக்காக இதுக்கு ரத்தம் இப்படி. சிவப்புப் புழு இருந்தா அங்க சாக்கடை இருக்குன்னு அர்த்தம். இது காலேஜ் புத்தகத்துலயே இருக்கு."

பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஏம்மா, மொதல்ல நீங்கல்லாம் ஏரிக்கரைல போய் உக்கார்றத நிறுத்துங்க. மீன் தானா பொழச்சுக்கும். அரசாங்கம் கக்கூஸ் கட்டிக் குடுத்தா அதுல விறகு அடுக்கி வெக்கிறீங்க."

கூடம் சிரித்தது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டு, பிறகு இருமினார். பச்சையம்மாள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த கூட்டத்துக்குள்ள ஊர்த் தரப்புல ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க. இல்லேன்னா நான் ஃபைலை முடிச்சுடறேன்" என்றார் அதிகாரி.

வெளியே பஸ் நிறுத்தத்திலிருந்து லோகேஸ்வரி கூடத்துக்கே திரும்பிப் போகப் பார்த்தாள். அம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுடி. அவன் சொன்னதுல வெறகு மட்டும் நெசம். தண்ணி வராத கக்கூஸ்ல வேற இன்னாத்த அடுக்கறது?"

சகாயமேரி இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டார். அப்புறம் கொய்யாப்பழம் வாங்கினார்.

இப்போது ஆய்வகத்தில் லோகேஸ்வரி மூச்சு வாங்க நின்றாள். "சொல்லுங்க மேடம். வராதா?"

"மணி ரெண்டாகுது. சாப்பிட்டுட்டு வாளிய எடுத்துட்டுப் போ. ரெண்டு வாய்லேருந்தும் சேறு அள்ளிட்டு வா. கம்பெனி வாய்க்கால் விழற எடம். ஊர் ஓடை விழற எடம்."

"அவ்வளவுதானா?"

"சல்லடையையும் எடுத்துக்கோ."

லோகேஸ்வரி சேறு அள்ளி வந்தாள். சலித்தாள். இரண்டு பக்கத்துச் சேற்றிலும் புழுக்கள் இருந்தன. இரண்டு பக்கத்துப் புழுவும் ஒரே சிவப்பு. தனஞ்செயன் சொன்னது சரியாகிவிடுமோ? இரண்டு கண்ணாடிக் குழாயில் எரிசாராயம் ஊற்றி, புழுக்களைத் தனித்தனியாகப் போட்டாள். எங்கே எடுத்தது என்று பென்சிலால் சின்னச் சீட்டில் எழுதி, சீட்டையும் குழாய்க்குள்ளேயே போட்டாள். அந்த ஆய்வகத்தில் அதுதான் வழக்கம். வெளியே ஒட்டினால் உதிரும், பேனாவால் எழுதினால் சாராயத்தில் கரையும்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது புழுக்களின் சிவப்பு போயிருந்தது. எல்லாம் வெளுத்து, ஊறிய சேமியா மாதிரி கிடந்தன. சீட்டுகளையும் காணோம்.

"மேடம்! யாரோ சீட்டை எடுத்துட்டாங்க."

"நான்தான் எடுத்தேன்."

"எந்தக் குழாய் எந்தப் பக்கம்னு இப்ப எப்படித் தெரியும்? எழுதி வெச்சிருந்தேனே!"

"நீ எழுதின. புழு எழுதல. அதைக் கேளு."

"அது எங்க சொல்லும்?"

"வாயைப் பாரு."

புழுவின் வாயைப் பார்ப்பது லேசான வேலை இல்லை. புழுவே விரல் நகத்தின் நீளம்தான். முன்னால் ஒரு ஜோடி பொய்க்கால், பின்னால் ஒரு ஜோடி, வால் பக்கம் வயிற்றுக்கடியில் விரல்கள் மாதிரி இரண்டு ஜோடிக் குழல்கள். இவற்றைக் கொண்டு இது இன்ன குடும்பம், இன்ன கூட்டம் என்று சொல்லிவிடலாம். வாய்க்குத் தலையை வெட்ட வேண்டும். கடுகில் பாதி அளவு தலை. அதைக் காரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் சதை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடி ஸ்லைடில் பசைத் துளிமேல் தொண்டைப்பக்கம் மேலே பார்க்க மல்லாத்தி, மேலே கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் அழுத்த வேண்டும். அப்போதுதான் வாயிலுள்ள பல்தட்டு விரிந்து படியும்.

விரிந்து படிந்தால் பார்க்கக் கோடி கொடுக்கலாம். கறுத்த தட்டு. இரண்டு பக்கமும் கோடு கோடாக விசிறி. தட்டின் விளிம்பில் பல்வரிசை: நடுவில் மூன்று முனையாகப் பிளந்த ஒரு பல், இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.

"அழுத்தம் ஒரு மயிரிழை கூடினாலும் பல் உடையும்" என்று முன்பே சொல்லியிருந்தார் சகாயமேரி. "என் கையிலயே பத்துக்கு ஒண்ணு உடையும்."

லோகேஸ்வரி உட்கார்ந்தாள். ஊசி எடுத்தாள். தலைகளை வெட்டினாள். கவர் ஸ்லிப்பை வைத்து ரப்பர் முனையை வைக்கும்போதெல்லாம் தனஞ்செயனின் சிரிப்பு கண்ணுக்குள் வந்தது. கூடம் சிரித்த சத்தம் வந்தது. அம்மாவின் முந்தானை தோளுக்கு ஏறியது. ஒவ்வொரு ஸ்லைடாகப் போட்டு அடுக்கிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

பல் இல்லை. இரண்டாவது ஸ்லைடு. ஓரத்தில் இரண்டு பல் இல்லை. அடுத்தது. நடுப்பல்லே பாதி இல்லை.

"மேடம்! மேடம், வாங்க! பல்லு போயிருக்கு!"

கன உலோகம் கலந்த சேற்றில் வளரும் புழு, தோலுரித்துப் புதுப் பல் கட்டும்போது பல் கோணலாக வரும், குறைந்து வரும். இது லோகேஸ்வரி படித்தது. தோல் பதனிடும் குரோமியம் அந்த வாய்க்காலில் வருகிறது என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. இப்போது புழுவே சொல்கிறது.

சகாயமேரி நாற்காலியை விட்டு எழவில்லை. "எந்தக் குழாய்?"

"ரெண்டுலயும் மேடம்."

"அப்ப எது கம்பெனிப் பக்கம்?"

லோகேஸ்வரி ஒரு நொடிதான் யோசித்தாள். "ரெண்டுமே கம்பெனிப் பக்கமா இருக்கும். நான்தான் சலிக்கும்போது கலந்துட்டேன் போல."

சகாயமேரி தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தார். அதில் இரண்டு சீட்டுகள், குழாய்கள் இருந்த வரிசையிலேயே, காய்ந்து சுருண்டிருந்தன. ஒன்றை எடுத்து இடது கைப்பக்கம் இருந்த குழாய்க்கு முன்னால் வைத்தார். லோகேஸ்வரியின் கையெழுத்து. ஊர் ஓடை.

"இதுலயுமா பல்லு போயிருக்கு?" என்றார்.

லோகேஸ்வரி அந்தச் சீட்டையே பார்த்தாள்.

"திரும்பப் பாரு. போன பல்லைப் பாக்காத. போன எடத்தைப் பாரு."

பார்த்தாள். பல் இருந்த இடத்தில் விளிம்பு கரடுமுரடாக, கண்ணாடிச் சில் உடைந்தது போல, வெளிறிக் கிடந்தது. பார்த்த எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒன்றிரண்டைத் தவிர.

"இது நான் உடைச்சது" என்றாள்.

"ம்."

ஊசியைத் தட்டில் வைத்தாள். பிறகு பொங்கிவிட்டது.

"அதனால என்ன மேடம்? அவங்க வாய்க்காலை மண்ணு போட்டு மூடி மறைச்சு விடறாங்க. லாரி லாரியா பொய் சொல்றாங்க. அதைக் கேக்க ஆளில்ல. எங்கம்மாவைப் பாத்து ஊரே சிரிக்குது. அதைக் கேக்க ஆளில்ல. நான் ஒரு பல்லைச் சேத்துச் சொன்னா மட்டும் தப்பா? கம்பெனிதான் காரணம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சதைச் சொல்றதுக்கு ஒரு பல்லு கூடக் கொறைய இருந்தா என்ன!"

"எந்தப் பல்லு?"

"என்ன மேடம்?"

"சேத்துச் சொல்றேங்கிறியே. எந்தப் பல்லை?"

லோகேஸ்வரி ஸ்லைடுகளைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை கூட்டத்துல அந்த மனுஷன் ஊர் ஓடைலேருந்து ஒரு புழுவை எடுத்து உன்கிட்டயே குடுப்பான். இதையும் ஸ்லைடு போட்டுக் காட்டும்மான்னு சொல்லுவான். நீ போடுவ. அதுலயும் பல்லு போயிருக்கும். அப்புறம் உங்க சாக்கடைதான் புழுவோட பல்லைக் கூட விட்டு வெக்கலன்னு சொல்லுவான். கூடம் இன்னொரு தடவை சிரிக்கும்."

லோகேஸ்வரி ஸ்லைடுகளை வாரிக் குப்பைக்கூடைக்கு எடுத்துப் போனாள்.

"அதைப் போடாத. எடுத்து வை. அதுவும் கூட்டத்துக்கு வரட்டும்."

"இது எதுக்கு?"

"பாயசத்துக்கு."

குழாய்களில் இன்னும் புழுக்கள் மிச்சம் இருந்தன. "பாதிய நீ போடு. பாதிய நான் போடறேன்" என்று சகாயமேரி எதிரில் உட்கார்ந்தார்.

லோகேஸ்வரி இந்த முறை ஒவ்வொரு கவர் ஸ்லிப்புக்கும் முன்னால் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டாள். அப்படியும் ஒன்றிரண்டு உடைந்தன. எதிரே சகாயமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அழுத்துகிறாரா, தொட்டுக்கொண்டிருக்கிறாரா என்றே தெரியவில்லை. ஒரு ஸ்லைடுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பானை சோறு வடித்துவிடலாம். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த அம்மாவுக்கு உடம்பில் ஓடுவது ரத்தமா, அந்தக் குழாயில் இருக்கும் சாராயமா என்று நினைத்துக்கொண்டாள் லோகேஸ்வரி.

முடித்ததும் இருவரும் போட்டதை எல்லாம் லோகேஸ்வரியே பார்த்தாள். ஊர் ஓடைப் புழுக்களுக்குப் பல்வரிசை முழுசாக இருந்தது, ரம்பம் மாதிரி. கம்பெனிப் பக்கத்துப் புழுக்களில் சிலவற்றுக்குப் பல் இல்லை. சிலவற்றுக்கு இரண்டு பல் ஒன்றாக ஒட்டியிருந்தது. இல்லாத இடத்தில் விளிம்பு மழமழவென்று வளைந்து, சுற்றிலும் கறுப்புக் கட்டியிருந்தது. எல்லாப் புழுவுக்கும் அப்படி இல்லை. லோகேஸ்வரி ஆசைப்பட்ட அளவுக்கு இல்லவே இல்லை.

ஆனால் இருந்தது.

கூட்டத்தன்று லோகேஸ்வரி மைக்ரோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அதிகாரியின் மேஜையில் அதை இறக்கினாள். கம்பெனிப் பக்கத்துப் புழுவின் ஸ்லைடை வைத்துவிட்டு விலகி நின்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "சீப்பு மாதிரி இருக்கு. ஒரு பல்லு இல்ல."

தனஞ்செயன் நாற்காலியில் சாய்ந்தபடியே சிரித்தார். "அது ஸ்லைடு போடும்போது உடைஞ்சிருக்கும் சார். அழுத்தத் தெரியாம அழுத்தினா உடையும். கத்துக்குட்டிங்க பண்ற தப்பு. பாவம், மீன் கழுவற கை, மாணவியைச் சொல்லிக் குத்தமில்ல."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். லோகேஸ்வரி சகாயமேரி இருந்த பக்கம் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றாள் லோகேஸ்வரி. "நான் நிறைய உடைச்சேன். கொண்டு வந்திருக்கேன்."

இன்னொரு ஸ்லைடை வைத்தாள்.

"இது நான் உடைச்சது சார். உடைஞ்ச எடம் வெளுத்து, கரடுமுரடா இருக்கு. மறுபடி அதைப் பாருங்க. அது வளரும்போதே அப்படி வந்தது. ஓரம் வழவழன்னு இருக்கு. சுத்திக் கறுப்பு கட்டியிருக்கு. நான் உடைச்சது எதையும் கணக்குல சேக்கல சார்."

அதிகாரி இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

"அப்ப ஊர்ச் சாக்கடை வரலைங்கிறியா?" என்றார் தனஞ்செயன். இப்போது சாய்ந்திருக்கவில்லை.

"வருது சார். ஊர் ஓடைலயும் இதே புழு இருக்கு. அதுவும் சிவப்புதான்."

ஊர்க்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். "ஏம்மா, யார் பக்கம்மா நீ? நம்ம சாக்கடைய நீயே காட்டிக் குடுக்கற?"

"சொல்லட்டும் வுடு" என்றாள் பச்சையம்மாள்.

லோகேஸ்வரி மூன்றாவது ஸ்லைடை வைத்தாள். "இது ஊர் ஓடைப் புழு சார். எண்ணிப் பாருங்க. நடுவுல ஒண்ணு, பக்கத்துக்கு ஆறு. ஒண்ணு கொறையாது. சாக்கடை ரத்தத்தைச் சிவப்பாக்கும் சார். பல்லைத் தின்னாது."

அதிகாரி நிமிரவே நேரமாயிற்று. நிமிர்ந்ததும் மேஜை ஓரத்தில் இருந்த ஊறுகாய் பாட்டிலைக் காட்டினார்.

"சார், போன தடவை நீங்க கொண்டு வந்தது. இது எந்தப் பக்கம் எடுத்தது?"

"ஏரிலதான்."

"ஏரில எந்தப் பக்கம்?"

தனஞ்செயன் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினார். அதில் ஊறுகாய்க் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தது.

வாய்க்கால் சேற்றை எடுத்துக் குரோமியம் பார்க்க வேண்டும், முடிவு வரும்வரை வாய்க்கால் வாயை அடைத்து வைக்க வேண்டும் என்று அதிகாரி எழுதினார். ஊர்ச் சாக்கடைக்கும் கக்கூஸுக்குத் தண்ணீர் வருவதற்கும் தனியாக ஒரு வரி எழுதினார். அம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தனஞ்செயன் போகும்போது பாட்டிலை எடுத்துக்கொண்டு போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சகாயமேரிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லோகேஸ்வரியின் மடியில் மைக்ரோஸ்கோப் குலுங்கியது.

"மேடம், அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

"என்ன கேட்ட?"

"எங்கம்மாவை அந்த ஆள் அப்படிப் பேசினப்ப உங்களுக்குக் கோபமே வரலையான்னு."

சகாயமேரி திரும்பாமலே கேட்டார்.

"நான் போட்ட ஸ்லைடெல்லாம் பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"எத்தனை உடைஞ்சுது?"

லோகேஸ்வரி மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணு கூட உடையல. பத்துக்கு ஒண்ணு உடையும்னீங்க."

"அவ்வளவு கோபம்" என்றார் சகாயமேரி.